லட்சத்தீவுக்கு டிக்கெட் போடும் முன்... இந்தத் தண்ணீர்க் கணக்கைப் பாருங்க!

கன்னியாகுமரியிலிருந்து கடலில் நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், சுமார் 500 கிலோமீட்டரில் மினிக்காய் தீவின் பக்கத்தில் போய் நிற்கும். தூத்தூர், வள்ளவிளை ஆழ்கடல் மீனவர்களுக்கு அந்தக் கடல் பழகிய இடம். 2017-ல் ஒக்கி புயலில் சிக்கிய குமரி மீனவர்கள் பலர் உயிரோடு கரை ஒதுங்கியது லட்சத்தீவில்தான்.

மற்றவர்களுக்கு லட்சத்தீவு 'டிரெண்ட்' ஆனது 2024 ஜனவரியில். பிரதமர் மோடி அங்கே போய்வந்து படங்களை வெளியிட்டார். அதைக் கேலி செய்த மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். "இனி மாலத்தீவு வேண்டாம், லட்சத்தீவுக்குப் போவோம்" என்று நாடே கிளம்பியது. 'ஏன் பெரிய ஓட்டல் இல்லை? ஏன் பெரிய விமானம் இறங்கவில்லை? நம் நாட்டுக்குள் போக எதற்கு பர்மிட்?' என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அந்தச் சத்தத்தில் தீவுக்காரர்களின் குரல்தான் எடுபடவில்லை.

இடம் எவ்வளவு?

லட்சத்தீவில் மொத்தம் 36 தீவுகள். மக்கள் வாழ்வது பத்தில் மட்டும். எல்லாம் சேர்த்து 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி மக்கள்தொகை 64,473. அதாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல். நெரிசலுக்குப் பேர்போன நம் குமரி மாவட்டத்திலேயே அது சுமார் 1,100 பேர்தான்.

அங்கே வாழ்பவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் பழங்குடியினர். அவர்களையும் அவர்கள் நிலத்தையும் காக்கத்தான் பர்மிட். அகத்தியில் உள்ள ஒரே ஓடுபாதையும் சின்னது. பெரிய ஜெட் விமானங்கள் இறங்க முடியாது. அரிசி, பருப்பு, சிமென்ட் எல்லாமே கரையிலிருந்து கப்பல் ஏறித்தான் போக வேண்டும்.

தண்ணீர் எங்கே?

பவளத்தீவில் ஆறு கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேலே மெல்லிய படலமாக நிற்கும். மோட்டார் வைத்து அதிகமாக இழுத்தால் கிணற்றில் உப்பு ஏறிவிடும். கழிவுநீர் கசிந்தாலும் அதே கிணற்றில்தான் வந்து சேரும்.

அதனால் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், 2005-ல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அமைத்தது. தினமும் 1 லட்சம் லிட்டர். கேட்க பெரிதாக இருக்கும். ஆனால் கவரத்தியில் சுமார் 11,000 பேர். தலைக்கு 9 லிட்டர்தான் வரும். ரிசார்ட்டில் ஒருவர் ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் சில நிமிடங்களில் தீர்ந்துபோகிற அளவு அது.

மாசிக்கும் ஆபத்து!

நம் ஊர் சந்தையில் கிடைக்கும் மாசிக்கருவாடு, சூரை மீனை அவித்து, புகையிட்டுக் காய வைத்தது. மினிக்காய் இந்த மாசிக்குப் பேர்போனது. அங்கே வலை போடாமல், தூண்டிலால் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கிறார்கள். அதற்கு உயிருள்ள பொடிமீன்கள் இரையாக வேண்டும். அவை கிடைப்பது தீவைச் சுற்றிய ஆழமில்லாத கடலில், பவளப்பாறைகளுக்கு நடுவே. பவளம் செத்தால் இரைமீன் இல்லை. இரை இல்லையென்றால் சூரையும் இல்லை, மாசியும் இல்லை. 2024 கோடையில் கடல் சூடேறி அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. ஏற்கெனவே நொந்திருக்கும் இடம் அது.

வேண்டாம் என்றா சொல்கிறார்கள்?

இல்லை. சுற்றுலா வந்தால் வேலை வரும் என்று தீவு இளைஞர்களுக்கும் தெரியும். சுஹேலி, கட்மத் தீவுகளில் தலா 110 வில்லாக்களோடு தாஜ் ரிசார்ட் வரும் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பும் வந்தது. அளவோடு வரட்டும் என்பதுதான் அவர்களின் பேச்சு. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ரவீந்திரன் குழு சொன்னபடி கட்டுப்பாட்டோடுதான் சுற்றுலா நடக்க வேண்டும் என்று அப்போதைய எம்.பி. முகமது ஃபைசலும் சொன்னார். நிலத்தை எடுக்க நிர்வாகத்துக்குக் கூடுதல் அதிகாரம் தரும் வரைவுச் சட்டம் 2021-ல் வந்தபோது, ஜூன் 7 அன்று தீவு மக்கள் 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். 'எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்' என்பதுதான் அன்றைய கோரிக்கையின் சாரம்.

மாலத்தீவிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே ரிசார்ட்டுகள் 1972-லிருந்து இருந்தாலும், மக்கள் வாழும் தீவுகளில் உள்ளூர்க்காரர்கள் விருந்தினர் விடுதி நடத்தும் காலம் 2009-க்குப் பிறகுதான் வந்தது. யாருக்கு வியாபாரம் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

சபரிமலை சீசனில் கன்னியாகுமரியில் குவியும் கூட்டத்தையும் குப்பையையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். நமக்காவது பின்னால் ஒரு மாவட்டமே இருக்கிறது. அவர்களுக்குப் பின்னாலும் கடல்தான்.

லட்சத்தீவுக்குத் தாராளமாகப் போங்கள். பர்மிட்டை முறையாக வாங்குங்கள். பவளத்தை மிதிக்காதீர்கள், ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள், அது சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குளிக்கும்போது அந்த 9 லிட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒக்கியில் நம் ஆட்களுக்குக் கரை கொடுத்த ஊர் அது.