காலி வீதி எவருக்கு உரியது?

கொழும்பின் நீண்ட, சனநடமாட்டம் மிக்க பிரதான வீதி எதுவெனக் கேட்டால் காலி வீதி என்ற பதிலே முதலில் வரும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எனக் கடற்கரைக்குச் சமாந்தரமாகத் தெற்கே நீளும் இவ்வீதியில் அலரி மாளிகையும் உண்டு. பள்ளிவாசல்களும் விகாரைகளும் தேவாலயங்களும் உண்டு. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டிக்கு வருவதும் இவ்வழியாகத்தான். புறக்கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையிலான 100ஆம் இலக்க பஸ்ஸில் மூன்று மொழிகளும் ஒலிக்கின்றன.

இதனை இன ஐக்கியத்தின் அடையாளமாகக் காட்டுவது எளிது. ஆனால் வீதியின் வரலாறு அவ்வளவு எளிதானதன்று.

1983 ஜூலையில் இவ்வீதியில் தமிழர்களின் கடைகள் தெரிந்தெடுத்து எரிக்கப்பட்டன. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் அதிகமான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு, வடக்கு, கிழக்கிற்கு அனுப்பப்பட்டனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி இவ்வீதியிலுள்ள சினமன் கிராண்ட் ஹோட்டலும் தாக்குதலுக்கு இலக்கானது. ஒரு சிலரின் கொடுஞ்செயலுக்கான சந்தேகச் சுமை, அதன்பின் முழு முஸ்லிம் சமூகத்தின் மீதும் விழுந்தது.

இம்மூன்றும் ஒரே தன்மையானவை அல்ல. எனினும் தனிமனிதனின் செயலைப் பாராது அவனது பெயரையும் மொழியையும் உடையையும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் மனோபாவம் மூன்றிலும் வெளிப்பட்டது என்பதை எவரும் மறுத்துவிட முடியாது.

2007இல் அந்த வெளியேற்றத்தை நிறுத்தியது எது? அயலவரின் அனுதாபம் அன்று. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்காலத் தடையுத்தரவே அது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவும் பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. அருகருகே கடை வைத்திருப்பது வர்த்தகம். அச்சமின்றி அருகருகே வாழ்வதே பிரஜாவுரிமை. முன்னையது சந்தையின் தேவையால் தானே நிகழும். பின்னையதற்குச் சட்டத்தின் காவல் அவசியம். சோதனையும் விசாரணையும் தனிநபருக்கு எதிரான நியாயமான ஆதாரத்தின் மீது மட்டுமே அமைய வேண்டும். 1987ஆம் ஆண்டு முதல் அரசகரும மொழியாக உள்ள தமிழில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்வது சலுகையாகக் கருதப்படலாகாது.

காலி வீதி எவருக்கு உரியது என்ற கேள்விக்கு அமைதியான நாட்களின் சனநெரிசல் விடையாகாது. நெருக்கடி வரும் நாளில் சட்டம் எவரின் பக்கம் நிற்கின்றது என்பதே விடை.