காலணிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை



“ஓடுகிற தூரத்தை ஷூவே கணக்குப் பண்ணிச் சொல்லுமாமே! என் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய ஐபாட்டும், ஷூவில் வைக்கிற வில்லையும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. எனக்குக் கைக்குழந்தை, மூன்றாவது மாதம் நடக்கிறது. பிரசவத்தில் ஏறிய எடை இறங்கமாட்டேன் என்கிறது. இதைப் போட்டுக்கொண்டு ஓடலாமா?” என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் பதில் இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று அந்தக் கருவியைப் பற்றி. இன்னொன்று அதைப் போட்டுக்கொள்ளப் போகிற உடம்பைப் பற்றி.

முதலில் கருவி. நைக்கி, ஆப்பிள் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் சேர்ந்து 2006 மே மாதம் அதை அறிவித்தன. அப்போது விலை 29 டாலர். ஐபாட் நானோவும் ஷூவும் தனி. இடது கால் ஷூவின் உள்ளட்டைக்குக் கீழே ஒரு சின்னக் குழி இருக்கும். ஒன்றரை அங்குல நீளம்கூட இல்லாத வில்லையை அதில் வைத்து மூடிவிட வேண்டியது. ஐபாட்டின் அடியில் இன்னொரு குட்டித் துண்டைச் செருக வேண்டும். வில்லை கம்பியில்லாமல் அனுப்புகிற சேதியை இந்தத் துண்டு வாங்கி ஐபாட்டுக்குக் கொடுக்கும். பாட்டுக்கு நடுவே பொத்தானை அழுத்தினால், இத்தனை நேரம், இத்தனை தூரம், இந்த வேகம் என்று ஒரு குரல் காதில் சொல்லும்.

அதற்குத் தூரம் எப்படித் தெரிகிறது? நம் பாதம் தரையைத் தொட்டு எடுக்கிற நேரத்தை அது அளக்கிறது. மெதுவாக நடந்தால் பாதம் அதிக நேரம் தரையில் இருக்கும். வேகம் கூடக் கூட அந்த நேரம் குறையும். அதை வைத்து வேகத்தையும், வேகத்திலிருந்து தூரத்தையும் கணக்கிடுகிறது. ஆளுக்கு ஆள் நடை வேறு அல்லவா? அதனால் அளவு தெரிந்த ஓர் இடத்தில், உதாரணமாக 400 மீட்டர் ஓட்டப் பாதையில், ஒரு சுற்றுப் போய் நம் நடையை அதற்குப் பழக்கிவிட்டால் கணக்குச் சரியாக வரும்.

நமது வாசகிக்கு ஒரு வார்த்தை: அந்த வில்லைக்குள் இருக்கும் பாட்டரியை மாற்ற முடியாது. இத்தனை வருஷம் கிடந்ததற்கு உயிர் இருக்குமா என்பது சந்தேகமே. ஐபாட் தயாரிப்பையும் 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திவிட்டது. அதனால் என்ன? இப்போது அந்த வேலையைக் கைபேசியும் கைக்கடிகாரமும் செய்கின்றன. நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

2008-ல் பெண்ணின் பிரசவத்துக்காக நான் நியூ ஜெர்சி போயிருந்தேன். அவளிடம் இந்தக் கருவி இருந்தது. “நீயும் ஒரு நாள் போட்டுக்கிட்டு நடந்து பாரேன்ம்மா” என்றாள். என் ஷூவில் அந்தக் குழி கிடையாது. நாடாவில் கோத்துக்கொள்கிற சின்ன உறை தனியாக விற்றார்கள். அதில் வில்லையைப் போட்டு மாட்டிவிட்டாள். புடவையும் ஷூவுமாகத் தெருவில் இறங்கினேன். எதிரே வந்தவர்கள் புன்சிரிப்போடு ‘ஹலோ’ சொல்லிப் போனார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், ஒன்றேகால் மைல்! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு நாளைக்கு எத்தனை தோசை வார்க்கிறோம், எத்தனை குடம் தண்ணீர் தூக்குகிறோம், எத்தனை தடவை மாடி ஏறுகிறோம் என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? நம் உழைப்பை எண்ணிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. மறுநாள் சமையலை முடித்துவிட்டு நானாகவே ஷூவைத் தேடினேன். அரை மணி நேரம் எனக்கே எனக்கு என்று ஆனது அப்படித்தான்.

இந்தச் சந்தோஷத்தில்தான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. என் பெண் குழந்தை பிறந்த ஏழாவது வாரமே ஓட ஆரம்பித்தாள். “இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே” என்றேன். “நேத்தைவிட இன்னிக்குக் கூட ஓடியிருக்கேன்ம்மா, பாரு!” என்று எண்ணைக் காட்டினாள். புதிய தூரத்தைத் தொட்டால் அந்தக் கருவியிலிருந்து பாராட்டுக் குரல் வேறு வரும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அடுப்படியில் மெல்லச் சொன்னாள்: “அம்மா, ஓடும்போது அடிவயிறு கீழே இறங்கற மாதிரி கனக்குது. சிறுநீரும் கசியுது. யார்கிட்டேயும் சொல்லக் கூச்சமா இருக்கு.”

கருவிக்கு அது தெரியுமா? அது பாதத்தை மட்டுமே அறியும். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசைகள் பத்து மாதச் சுமையில் தளர்ந்து கிடப்பது அதற்குத் தெரியாது. ராத்திரி மூன்று முறை எழுந்து பால் கொடுத்தவள் இவள் என்பதும் தெரியாது. டாக்டரிடம் போனோம். அவர் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். ஓட்டத்தை நிறுத்தி, பயிற்சிகள் செய்து, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகே மறுபடி ஓடினாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

அந்தப் பாராட்டுக் குரல்களில் ஒன்று பவுலா ராட்கிளிஃப் என்ற இங்கிலாந்து வீராங்கனையுடையது. 2003-ல் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். 2019 வரை அதை முறியடிக்க எந்தப் பெண்ணாலும் முடியவில்லை. அவருக்கு 2007 ஜனவரியில் முதல் குழந்தை பிறந்தது. சீக்கிரமே பயிற்சிக்குத் திரும்பியதில், முதுகுத்தண்டின் அடியெலும்பில் விரிசல் கண்டது. ஓய்வெடுத்துத் தேறி, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் முதலாவதாக வந்தார். உலக சாதனைக்காரிக்கே பிரசவித்த உடம்பு ‘பொறு’ என்றது என்றால், நமக்கு என்ன அவசரம்?

பிரசவமான பெண்கள் ஓடத் தொடங்குவது பற்றி இங்கிலாந்தின் பிசியோதெரபிஸ்டுகள் 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். மூன்று மாதம் முடியும் முன் ஓட்டம் வேண்டாம். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் உடம்பைப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்பது அதன் சாரம். ஆரம்பிக்கும் முன் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்:

* 30 நிமிடம் தொடர்ந்து நடக்க முடிகிறதா?
* ஒற்றைக் காலில் 10 விநாடி தள்ளாடாமல் நிற்க முடிகிறதா?
* நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட முடிகிறதா?
* ஒவ்வொரு காலாலும் 10 முறை நொண்டியடிக்க முடிகிறதா?

இவற்றில் எதைச் செய்யும்போதும் வலி, அடிவயிற்றில் கனம், சிறுநீர்க் கசிவு, உதிரப்போக்கு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ‘பிள்ளை பெற்றால் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். இது சிகிச்சையில் சரியாகக்கூடியது. சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓட்டத்தை நினைக்கவே வேண்டாம். பால் கொடுக்கிறவர்கள் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. கருவி காட்டுகிற கலோரியைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

எண்களைப் பற்றி இன்னொன்று. ‘தினம் பத்தாயிரம் அடி’ என்கிறார்களே, அது எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு ‘மான்போ-கேய்’ என்று பெயர் வைத்தார்கள்; ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று அர்த்தம். அந்தப் பெயரே சட்டமாகிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான 16,741 பெண்களை ஆராய்ந்ததில், தினம் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் மாமியாருக்கும் அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்!

பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. அந்த வில்லை ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. சுமார் 60 அடி தூரத்திலிருந்து அதைப் பிடித்து, இன்னார் வருகிறார் என்று கண்டுகொள்ள முடியும் என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2006-லேயே காட்டினார்கள். இன்றைய கைபேசியோ நீங்கள் போன பாதையைப் படமாகவே போட்டுவிடும். அந்தப் படம் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும். ஆகவே அதை ஊருக்குக் காட்டாமல் மறைத்து வைக்கிற வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். தெருவில் போகும்போது ஒரு காதில் மட்டும் பாட்டு இருக்கட்டும். மற்றக் காது பஸ்ஸுக்கும் ஸ்கூட்டருக்கும்.

கருவியே இல்லாதவர்கள் ஏங்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 100 வந்தால் அது நல்ல நடை. பிடித்த பாட்டைக் கேட்டுக்கொண்டே கூடப் பாடிப் பாருங்கள். பேச முடிந்து, பாட மூச்சுப் போதாவிட்டால் வேகம் சரி. சௌகரியமாகப் பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுங்கள். பேசவே முடியாவிட்டால் குறையுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு என் பதில்: இப்போது ஓட வேண்டாம், நடங்கள். காற்றை அடக்குவதுபோல அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை செய்யுங்கள். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. நாலாம் மாதம் மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்து, டாக்டரையும் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, நடந்த நிமிடம், உடம்பு எப்படி இருந்தது என்று மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கட்டத்தை எந்தக் கருவியும் நிரப்பாது. நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டு வாரம் எழுதிப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.