உறையுள் எழுக! அதன் நெற்றியில் தமிழ் நிற்க!

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளப்பட்டியை அடுத்து அமைந்திருக்கிறது காந்திகிராமம். 1947-இல் மருத்துவர் சவுந்தரமும் கோ. இராமச்சந்திரனும் அங்கு ஊர்ப்புறத் தொண்டுக்கென ஓர் அமைப்பை நிறுவினர். 1956-இல் அதினின்று ஊரகக் கல்வி நிறுவனம் கிளைத்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. வானத்தை நம்பிப் பயிரிடும் உழவனின் மகளும், தறியில் சுங்குடிச் சேலை நெய்யும் நெசவாளியின் மகனும், பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துக் கை காய்ந்தவனின் பிள்ளையும் பட்டம் பெறுவதற்கென்றே எழுந்த இடம் அது.

இத்தகைய இடத்தில் மாணவர்க்குப் புதிய உறையுள் எழுப்புவதைச் செங்கல்லும் சுண்ணமும் பற்றிய செய்தியாக மட்டும் எண்ணுவோர் ஏமாந்து போவர். நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்தோ, வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்தோ படிக்க வரும் பெண்ணுக்கு மாலையில் கடைசிப் பேருந்து போய்விட்டால் அன்றைய நூலகப் படிப்பு போயிற்று. நாள்தோறும் அவ்வாறே போனால் படிப்பே போயிற்று. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவளுக்கு விடுதியில் ஓர் இடம் கிடைக்கிறதா என்பதே, அவள் பட்டம் பெறுவாளா, பாதியில் திரும்புவாளா என்பதை முடிவு செய்கிறது. ஆகவே உறையுள் வேண்டும். மேலும் மேலும் வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அது எவ்வகை உறையுள் என்பதே வினா.

வகுப்பறை ஒரு மாணவனை நாளில் ஐந்தாறு மணிநேரமே ஆள்கிறது. எஞ்சிய நேரமெல்லாம் அவனை ஆள்வது விடுதி. அவன் யாரோடு உண்கிறான், எம்மொழியில் பேசுகிறான், எதைக் கண்டு நாணுகிறான், எதைக் கண்டு தலைநிமிர்கிறான் என்பவற்றை அதுவே வார்த்தெடுக்கிறது. எனவேதான் தமிழ்நாட்டு வரலாற்றில் மாணவர் விடுதி எக்காலத்தும் ஒரு போர்க்களமாகவே இருந்து வந்துள்ளது.

சோழப் பேரரசன் இராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ஒரு பெருங்கல்லூரி நடந்தது. இளநிலையில் 270 பேரும் முதுநிலையில் 70 பேருமாக 340 மாணவர்க்கு அங்கு உணவு வழங்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. அந்த 340 இலைகளிலும் விழுந்த சோறு தமிழ் உழவன் விளைத்த நெல். அதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் தமிழ் நிலம். ஆனால் கற்பிக்கப்பட்டவை ஆரிய மறைகளும் வடமொழி இலக்கணமும் மெய்ப்பொருள் நூல்களுமே. அப்பாடப் பட்டியலில் தமிழிலக்கணத்துக்கு இடமில்லை! தமிழன் உழைப்பில் உலை கொதிக்கத் தமிழ் மட்டும் வெளியே நின்ற காட்சிக்கு ஆயிரம் ஆண்டு அகவை ஆகிறது.

அடுத்தது பந்தி. 1920-களில் நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பன மாணவர்க்குத் தனியே உணவு படைக்கப்பட்டது. பேராயக் கட்சியின் பணமும் பொதுமக்களின் பணமும் சேர்ந்து வளர்த்த இடத்திலேயே இந்நிலை! பெரியாரும் வரதராசுலுவும் அதை எதிர்த்துக் கொதித்தெழுந்தனர். 1925-இல் பெரியார் பேராயக் கட்சியை விட்டு வெளியேறியதற்கு அடிகோலிய நிகழ்ச்சிகளுள் அந்தப் பந்தியும் ஒன்று. அதற்கு முன்பே, 1916-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் மருத்துவர் நடேசனார் திராவிடர் இல்லம் தொடங்கியதன் கரணியமும் அதுவே: வெளியூரிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தலைசாய்க்க இடமில்லை. ஒரு பெரும் அரசியல் இயக்கத்தின் வித்துகளுள் ஒன்று, மாணவர்க்கு அளித்த பாயிலும் சோற்றிலும் கிடந்தது என்பதை மறக்கலாகாது.

1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் எரிமலையானபோது முன்னணியில் நின்றோர் கல்லூரி மாணவரே. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் அவ்வாண்டு சனவரி 27-இல் காவல்துறையின் குண்டுக்கு இரையானார். ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒரே மொழியில் சிந்தித்த இளைஞர் கூட்டம் என்ன செய்யும் என்பதை ஆள்வோர் அன்று கண்டனர்; அஞ்சினர்; கல்லூரிகளை இழுத்து மூடினர்.

இனி 1976-க்கு வருவோம். காந்திகிராமம் பல்கலைக்கழக நிலை பெற்ற அதே ஆண்டில் வேறு இரண்டும் நடந்தன. அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் நிறைவேறி, கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பிடுங்கப்பட்டுப் பொதுப்பட்டியலில் போடப்பட்டது. நெருக்கடி நிலையின் இருட்டில் நடந்த பறிப்பு அது. இன்னொன்று, ஒன்றிய அரசின் ஆட்சிமொழி விதிகள் வந்தமை. ஒன்றிய அலுவலகங்களின் பெயர்ப் பலகைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்னும் விதி அவற்றுள் அடங்கும். ஆனால், அவ்விதிகள் தமிழ்நாடு நீங்கலாகவே இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று அவற்றின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது! 1965-இல் சிந்திய குருதி வீணாகவில்லை என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று. தமிழ் மண்ணில் எழும் எந்தக் கட்டடத்தின் நெற்றியிலும் இந்தி ஏறியே தீரவேண்டும் என்பதற்கு அவ்விதிகளில் இடமில்லை. இவ்வுரிமையை அறியாதவர் தாமாகவே பலகையில் இந்தியை எழுதி வைத்து அடிமை முறி எழுதிக் கொடுக்கின்றனர்.

“பணம் தில்லியிலிருந்து வருகிறதே” என்பர் சிலர். தில்லியில் பணம் காய்க்கும் மரம் ஏதும் இல்லை. சின்னாளப்பட்டியில் வாங்கும் நூலுக்கும், திண்டுக்கல்லில் விற்கும் பூட்டுக்கும் தமிழன் கட்டும் வரியும் அதில் கலந்தே இருக்கிறது. எண்ணாயிரத்தில் நெல் கொடுத்து ஏமாந்தவன் காந்திகிராமத்தில் வரி கொடுத்தும் ஏமாற வேண்டுமா?

“பிற மாநில மாணவரும் வருவரே, அவர்க்குத் தமிழ் தெரியாதே” என்பர் வேறு சிலர். வரட்டும்; வரவேற்போம்; விருந்தோம்பல் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயின் விருந்தினர்க்காக வீட்டார் தம் மொழியை மறந்த வீடு எங்கும் இல்லை. தெரியாத மொழியைக் கற்றுக்கொள்ள விடுதியை விடச் சிறந்த பள்ளியும் இல்லை. சோறு, குழம்பு, தண்ணீர் என்று தொடங்கும் பிள்ளை ஓராண்டில் தமிழில் உரையாடும். அவ்வாறு தமிழ் கற்றுத் திரும்பும் ஒவ்வொருவரும் தமிழுக்கு ஒரு தூதர்.

காந்தியாரின் பெயர் தாங்கிய இடத்தில் இதைச் சொல்வதற்குத் தனிப்பொருத்தமும் உண்டு. தென்னாட்டில் இந்தி பரப்பும் அவை 1918-இல் அவர் முயற்சியால் தோன்றியது, அதைத் தமிழர் எதிர்த்தனர், எதிர்த்தது சரியே. ஆனால் கல்வி தாய்மொழி வழியே அமையவேண்டும் என்று அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியதையும் மறுப்பதற்கில்லை. அவர் பெயரால் நடக்கும் நிறுவனம் அவருடைய எக்கொள்கையைப் பின்பற்றப் போகிறது?

எனவே, இவ்வட்டாரத்தில் இனி எழும் மாணவர் உறையுள் ஒவ்வொன்றும் நான்கு அடிப்படைகளின் மீது நிற்க வேண்டும்.

முதலாவது, குலப்பிரிவின் நிழல் படாத அறைப்பங்கீடும் ஒரே பந்தியும். தமிழ்நாட்டரசு 2025 சூலையில் தன் மாணவர் விடுதிகளின் பெயர்களிலிருந்து குலப்பிரிவுச் சொற்களை நீக்கிச் ‘சமூக நீதி விடுதி’ எனப் பெயரிட்டது. நோக்கம் போற்றத்தக்கது. அதைக் ‘குமுக நயன்மை இல்லம்’ என்றிருந்தால் பெயரும் நோக்கத்தைப் போலத் தூயதாகியிருக்கும். ஆனால் பெயர் மாறியும் அறைக்குள் பிரிவினை நின்றால் அது வெறும் வண்ணப் பூச்சே.

இரண்டாவது, தமிழ்ப் பெயர். மலைக்கும் காட்டுக்கும் இடையே கிடக்கும் இந்நிலத்தில் குறிஞ்சி இல்லம், முல்லை இல்லம் என்று பெயரிட எவரிடம் இசைவு கேட்க வேண்டும்? பணிபுரியும் மகளிர்க்கான விடுதிகளுக்குத் ‘தோழி’ என்று தமிழ்நாட்டரசு பெயர் சூட்டியது. ஊரெல்லாம் அதை உவந்து ஏற்றது. பெயர் மட்டும் போதாது. அறிவிப்பு, உணவுப் பட்டியல், கணக்கேடு, காப்பாளர் கையொப்பம் அனைத்தும் தமிழில் அமைய வேண்டும்.

மூன்றாவது, மண்ணின் கைவண்ணம். அறைக் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டும், கட்டிலுக்குச் சின்னாளப்பட்டித் தறியின் துணியும் வாங்குவதில் என்ன தடை? கண்ணாடிப் பெட்டி போலக் கட்டி, வெயிலை உள்ளே சிறைவைத்து, பின்பு அதைத் துரத்த மின்சாரம் எரிப்பது அறிவுடைமை ஆகாது. திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் கண்ட முன்னோர் இவ்வெயிலை அறிந்தே கட்டினர்.

நான்காவது, நீர். மழை குன்றிய வட்டாரம் இது. மழைநீர் சேமிப்பு 2003-இல் தமிழ்நாட்டுக் கட்டடங்களுக்கெல்லாம் கட்டாயமாக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் குளிக்கும் ஓரிடம் ஆழ்துளைக் கிணற்றால் அண்டை உழவனின் கிணற்றை உறிஞ்சக் கூடாது. ஊரகக் கல்வி நிறுவனம் ஊரைக் காய வைத்து வாழ்தல் இழுக்கு.

இவை நான்கும் பெருஞ்செலவு கேட்பன அல்ல, மானவுணர்ச்சி கேட்பன. காந்திகிராமத்தைச் சூழ்ந்த ஊர்மக்களும், அங்குப் பயிலும் மாணவரும், ஊராட்சி மன்றங்களும் ஒவ்வொரு கட்டட அறிவிப்பின்போதும் இந்நான்கையும் எழுதிக் கேட்க வேண்டும். கட்டி முடித்தபின் பலகையை மாற்றப் போராடுவதினும், கால்கோளின் போதே கேட்பது எளிது. கேளாதவன் வீட்டு நெற்றியில் எவனும் எதையும் எழுதுவான்!