பாறை நிலைக்கும், இரும்பு நிலைக்குமா?

கிருஷ்ணகிரிக்கு வருவோர் யாராயினும் முதலில் நிமிர்ந்து பார்ப்பது கோட்டை மலையைத்தான். இராயக்கோட்டைக்குச் சென்றாலும் மலைக்கோட்டைதான் நம்மை வரவேற்கும். ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் நுழைந்தாலும் இந்தக் கருங்கற் குன்றுகள் நம்மை விடுவதில்லை. 1975-இல் வெளிவந்த 'ஷோலே' திரைப்படத்தில் நம் பெற்றோர் பார்த்து வியந்த பாறைகள் இராமநகரத்துப் பாறைகளே. அங்கும், மாகடி அருகே சாவனதுர்கா என்னும் பெரும் ஒற்றைப் பாறையிலும் இன்று இளைஞரும் இளம்பெண்களும் கயிறு கட்டிப் பாறை ஏறுகின்றனர். உடலுக்கும் உள்ளத்துக்கும் உரமூட்டும் நல்ல விளையாட்டு அது.

ஆனால் அவர்கள் உயிர் எதில் தொங்குகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கயிற்றில் என்போம். அந்தக் கயிறு எதில் தொங்குகிறது? பாறையில் துளையிட்டு இறுக்கிய, விரல் நீளமே உள்ள ஒரு போல்ட்டில்! அதன் தலையில் காது போன்ற ஓர் உலோகத் தகடு இருக்கும். ஏறுபவர் அதில் வளையக் கொக்கியை மாட்டிக் கயிற்றைக் கோத்துக் கொண்டு மேலே செல்வார். கால் வழுக்கினால் அவரைத் தாங்குவது அந்தச் சிறு இரும்பே.

பாறை நெடுங்காலம் நிற்கும். இரும்பு அப்படியன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் துளைக்குள் நீர் கசியும்; சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும். ஆண்டுதோறும் இப்படியே. மேலே தெரியும் நட்டு பளபளப்பாக இருக்க, உள்ளே இருக்கும் தண்டு துருவேறி மெலிந்து போயிருக்கலாம். எவர்சில்வர் தகட்டைச் சாதாரண இரும்பு போல்ட்டோடு இணைத்துவிட்டால் கேடு இன்னும் விரைவு. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும் என்பதை நாம் வேதியியல் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? கண்ணுக்குத் தெரியும் பழுதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பழுதே கொடியது.

புதிய பாதை ஒன்றைக் கண்டு முதன்முதலில் போல்ட் அடித்தவரை எல்லாரும் பாராட்டுவர். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே போல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுபவரை யார் பாராட்டுகிறார்கள்? திறப்பு விழாவுக்கு மாலை உண்டு. பராமரிப்புக்கு மாலை இல்லை. இதுவே நம் நாட்டின் பெருங்குறை என்பேன். 2017 நவம்பரில் நம் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்து, தேக்கி வைத்த நீர் வீணே ஓடியதை நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். அணை கட்டிய 1950-களின் பெருமை நமக்கு உண்டு. மதகின் வயதை எண்ணிய பொறுப்பு நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது?

இந்தப் பொறுப்பு நமக்குப் புதியதும் அன்று. என் தந்தை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். பளு தூக்கும் சங்கிலி ஒவ்வொன்றிலும் ஓர் எண் பொறித்த தகடு தொங்குமாம். சோதித்த நாள் தவறியிருந்தால் அதில் ஒருவரும் கை வைக்கக் கூடாதாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, பளு தூக்கும் சங்கிலியையும் கயிற்றையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. இயந்திரப் பாகத்தைத் தூக்கும் சங்கிலிக்கு இத்தனை கண்டிப்பு! மனித உயிரைத் தாங்கும் போல்ட்டுக்கு ஒரு பதிவேடாவது வேண்டாமா?

'இது விளையாட்டுக்காரர்களின் கவலை, நமக்கென்ன?' என்று கேட்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்குச் சென்றவர்களைக் கேளுங்கள். செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அறைந்து, சங்கிலி கட்டி, 'கடப்பாறைப் படி' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். பௌர்ணமி நாட்களில் மூதாட்டியரும் சிறுமியரும் அதைப் பற்றிக் கொண்டே ஏறுகின்றனர். இலங்கையில் 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாத மலையை ஆதாமின் மலை என்றும் அழைப்பர். 14-ஆம் நூற்றாண்டில் அங்கு ஏறிய யாத்திரிகர் இபின் பதூதா, பாறையில் தொங்கிய சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பாறையில் இரும்பை நம்பி ஏறுவது பக்தர்களின் பழைய வழக்கம். ஆகவே இது எல்லாருடைய கவலையுமாகும்.

பிற நாட்டார் என்ன செய்தனர்? அமெரிக்காவில் 1998-இல் 'அமெரிக்கன் சேஃப் கிளைம்பிங் அசோசியேஷன்' என்னும் அமைப்பு தோன்றியது. பழைய போல்ட்டுகளை மாற்றுவதே அதன் வேலை. கால் அங்குலக் கனமுள்ள பழையவற்றைப் பிடுங்கி, கனமான எவர்சில்வர் போல்ட்டுகளை நன்கொடைப் பணத்தில் ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறார்கள். இயன்ற இடங்களில் பழைய துளையையே அகலப்படுத்திப் பயன்படுத்துகின்றனர். பாறையில் வீண் தழும்பு வேண்டாம் என்பதற்காக. தாய்லாந்தின் கிராபிக் கடற்கரைப் பாறைகளிலோ, உப்புக் காற்றில் எவர்சில்வர்கூடச் சில ஆண்டுகளில் வெடித்துப் போனதால், டைட்டானியம் போல்ட்டுகளைப் பசையிட்டுப் பதிக்கின்றனர். இடத்துக்கு ஏற்ற உலோகம் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

'ஆபத்தை விரும்பிப் போகிறவர் தம் பொறுப்பில் போகட்டும்' என்பர் சிலர். இதை நான் ஏற்க மாட்டேன். வழுக்கி விழும் ஆபத்தை ஏறுபவர் அறிந்தே ஏற்கிறார். உள்ளே அரித்துப் போன போல்ட்டின் ஆபத்தை அவர் அறியார். அதை அடித்தவரின் மேல் நம்பிக்கை வைத்தே ஏறுகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பது கடன். 'பாறையில் போல்ட்டே வேண்டாம்' என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடித்தபின் கைவிடுவது, அடிக்காமல் இருப்பதைவிட எவ்வளவோ தீது.

செய்ய வேண்டியவை எளியனவே. எந்த இடத்தில், எந்த ஆண்டில், எந்த உலோகத்தில் போல்ட் அடிக்கப்பட்டது என்று ஒரு பதிவேடு வேண்டும். பழையதைச் சோதிக்காமல் புதிய பாதை திறக்கக் கூடாது. புதிய போல்ட்டுக்குச் செலவிடுவோர், பழையதை மாற்றவும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். புனித மலைகளிலும் காணிக்கையில் ஒரு பகுதி சங்கிலிக்கும் படிக்கும் போகட்டும். மாற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். ஆர்வம் மட்டும் போதாது. நமக்கும் ஒரு கடமை உண்டு: ஆடும் கம்பியையும் துருவேறிய சங்கிலியையும் கண்டால், வாய் மூடி வராமல் பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும்.

ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் நன்கு அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐவர் மட்டுமே கூடவே எண்ணெயும் கொண்டு வந்தனர். விளக்கைப் பெறுவது ஒருநாள் காரியம். அது அணையாமல் காப்பதே அறிவு. பாறையில் இருக்கும் போல்ட்டுக்கும், பள்ளி மாடிப்படியின் கைப்பிடிக்கும், வீட்டுக் கிணற்று இராட்டினத்துக்கும் இதுவே பொருந்தும்.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் சிலர் பொறியாளராவோம். சிலர் மலை ஏறுவோம். பலர் இல்லம் காப்போம். எங்கிருந்தாலும், பிறர் அடித்து மறந்த போல்ட்டைத் திரும்பிப் போய்ப் பார்க்கும் கைகளாக நம் கைகள் இருக்கட்டும். நமக்குப் பின்னால் ஏறி வரும் முகமறியாச் சகோதரிக்கு நாம் செய்யும் அன்புத் தொண்டு அதுவே.