பழியைக் கீழே தள்ளாதீர்கள்

1956 நவம்பர் 23, விடியாத நேரம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டியது. மருதையாற்றில் பெருவெள்ளம். பாலத்தருகே பாதை அரிக்கப்பட்டிருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140 பேருக்கு மேல் மாண்டனர். கல்லகம், லால்குடி, ஸ்ரீரங்கம் வழியே திருச்சிக்கு வந்திருக்க வேண்டிய வண்டி அது.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். விபத்துக்கு சாஸ்திரிதான் காரணம் என்பதால் அல்ல, அரசியல் சாசன மரபுக்கு அது முன்னுதாரணமாக இருக்கும் என்பதால் ஏற்பதாக நேரு விளக்கினார். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனும் விலக முன்வந்தார்.

ராஜினாமா பாலத்தைக் கட்டித் தராது என்பார்கள். உண்மைதான். ஆனால் உச்சியில் இருப்பவர் முதலில் பொறுப்பேற்றால், கடைநிலை ஊழியர் தலையில் மட்டும் பழியைக் கட்டிவிட்டுக் கோப்பை மூடுவது கடினமாகிவிடும்.

இன்றும் அந்தப் பாதையைக் காப்பவர்கள் கீமேன்களும் டிராக்மேன்களும்தான். கீமேன் தினமும் தன் எல்லைக்குள் நடந்து கிளிப், போல்ட், தண்டவாளம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அடைமழை இரவில் கைவிளக்கோடு ரோந்து போகிறவர்கள் பாலத்தடியில் வெள்ளம் ஏறுகிறதா என்று கவனிக்கிறார்கள். விரிசலைக் கண்டு வண்டியை நிறுத்தியவருக்குப் பாதுகாப்பு விருது தரப்படுவது நல்ல வழக்கம். ஆனால் தவறு தன் கையால் நேர்ந்திருந்தால் அவர் வாய் திறப்பாரா? ஒழுங்கு நடவடிக்கைக்கான சார்ஜ் மெமோ வரும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் சின்னக் கோளாறு மறைக்கப்படும். மறைத்த கோளாறு வளரும்.

ஜப்பானின் டொயோட்டா ஆலையில் கோளாறு கண்ட தொழிலாளி யாராக இருந்தாலும் ஒரு கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே அங்கே வந்து நிற்பார். சிக்கல் தீரவில்லையென்றால் உற்பத்தி வரிசையே நிற்கும். நஷ்டமாயிற்றே என்று யாரும் கயிற்றை இழுத்தவரைத் திட்டுவதில்லை. உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்று இப்படித்தான் வளர்ந்தது. நம் ரயில்வேக்கும், அதைவிடச் சிறிய நகராட்சிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும், இது ஏன் எட்டாக்கனியாக இருக்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே திருச்சி கோட்ட அதிகாரிகள் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, தானாக முன்வந்து தவறைச் சொல்பவருக்கு, வேண்டுமென்றே செய்த குற்றமாக இல்லாதவரை, தண்டனை கிடையாது என்று எழுத்தில் உத்தரவு. மற்றொன்று, மழை பெய்யும் ஓர் இரவில் லால்குடி முதல் அரியலூர் வரையிலான பாதையில் ரோந்துக்காரர்களோடு அதிகாரிகளும் நடப்பது. மழைக்கோட்டு கிழிந்திருக்கிறதா, விளக்கு சரியாக எரிகிறதா, ஆள் போதுமா என்பதை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, என்ன செய்தோம் என்று அவர்களிடமே திரும்பி வந்து சொல்ல வேண்டும்.