தொற்றுநோய்க் காலத்தில் தபால் வாக்கு: கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
மூத்த குடிமக்கள் நலச் சங்கம்.

பெறுநர்
தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்கள்,
தமிழ்நாடு,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

வழி: மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்கள்

நாள்: செப்டம்பர் 2025

பொருள்: தொற்றுநோய்க் காலத்தில் நோயாளிகளும் முதியோரும் தபால் மூலம் வாக்களிக்க நிலையான விதிமுறை – 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் வகுத்திடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கொள்ளைநோய் எதுவும் இல்லாத இந்த நேரத்தில் இம்மனுவை அளிக்கக் காரணம் உண்டு. நோய் பரவத் தொடங்கிய பிறகு விதி எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் உறுப்பினர்கள் நேரில் கண்டார்கள். அந்த அனுபவத்தைத் தங்கள் முன் வைத்து, அதிலிருந்து எழும் கோரிக்கைகளைப் பரிவுடன் ஆராய வேண்டுகிறோம்.

அந்தத் தேர்தலின் நாட்காட்டியைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். தேர்தல் அறிவிக்கை மார்ச் 12 அன்று வெளியானது. தபால் வாக்கு கேட்போர் படிவம் 12டி-யை நிரப்பித் தர மார்ச் 16 வரை காலம் தரப்பட்டது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. இடையில் மூன்று வாரங்கள். கொரோனா உறுதியானவர்கள் அப்போது ஏறக்குறைய இரண்டு வாரம் தனிமையில் இருந்தார்கள். அப்படியானால் மார்ச் 16-க்குள் நோயாளி என்ற முறையில் விண்ணப்பிக்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் வாக்குப்பதிவு நாளில் குணமடைந்து நடமாடியிருப்பார்கள். வாக்குப்பதிவு நாளில் காய்ச்சலோடு படுத்திருந்தவர்களோ விண்ணப்பிக்கும் காலத்தில் நோயாளிகளாகவே இல்லை. யாருக்காக அந்த வசதி கொண்டுவரப்பட்டதோ, அவர்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை. மார்ச் நடுவில் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் கீழே இருந்த புதிய தொற்று, ஏப்ரல் 6 அன்று 3,500-ஐத் தாண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ், வாக்குப்பதிவு முடிந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 11 அன்று, கொரோனாவால் இறந்தார். வேட்பாளரையே விட்டுவைக்காத நோய், அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் வந்துவிட வேண்டும் என்று விதி எதிர்பார்த்தது.

தனிமையில் இருந்தவர்களுக்கு எஞ்சிய வழி, கடைசி ஒரு மணி நேரமான மாலை 6 முதல் 7 வரை கவச உடை அணிந்து வாக்குச்சாவடிக்கு வருவதுதான். எங்கள் உறுப்பினர் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1971 முதல் ஒரு தேர்தலையும் தவறவிடாதவர். மார்ச் கடைசி வாரத்தில் அவருக்கும் அவர் மனைவிக்கும் தொற்று உறுதியானது. பிள்ளைகள் வெளியூரில். நோயாளியை ஏற்றிச் செல்ல எந்த ஆட்டோவும் வரவில்லை. தபால் வாக்கு பற்றி விசாரித்தபோது, காலம் முடிந்துவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. பதில் சொன்ன அலுவலர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. விதியில் இருந்ததைத்தான் அவர் சொன்னார். ஆனால் ஐம்பது ஆண்டு வாக்களித்த ஒரு மனிதர் அன்று மாலை வாக்களிக்காமல் வீட்டில் இருந்தார் என்பதை எங்களால் மறக்க முடியவில்லை.

எனவே எங்கள் முதன்மையான கோரிக்கை: தொற்றுக்கு ஆளானவர்கள், தொற்று ஐயத்தால் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு மட்டும் தபால் வாக்கு விண்ணப்பத்துக்கான கடைசி நாளை, வாக்குப்பதிவுக்கு மூன்று நாட்களுக்கு முன்பு வரை நீட்டிக்க வேண்டும். வேட்பாளர் இறுதிப் பட்டியல் அதற்கு வெகு முன்பே தயாராகிவிடுவதால் வாக்குச்சீட்டு அச்சிடுவதில் தடை இராது. வாக்குச்சாவடி அதிகாரிகள், வீடியோ பதிவாளர், காவலர் அடங்கிய குழு வீட்டுக்கே சென்று வாக்கைப் பெறும் முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அதே குழுவைக் கடைசி இரண்டு நாட்களில் உரிய பாதுகாப்பு உடையுடன் நோயாளிகளின் வீடுகளுக்கும் சிகிச்சை மையங்களுக்கும் அனுப்பினால் போதும். படுத்த படுக்கையாக இருப்பவர் சுகாதார அதிகாரியிடம் தனிச் சான்று வாங்க அலைவது நடவாத காரியம். ஆய்வகப் பரிசோதனை முடிவையே சான்றாக ஏற்கவும், படிவத்தைக் குடும்பத்தாரோ வாக்குச்சாவடி நிலை அலுவலரோ கொண்டுவந்து சேர்க்கவும் அனுமதிக்க வேண்டும். நோயாளியைக் கவனித்துக்கொண்டு அதே வீட்டில் அடைபட்டிருப்பவரையும், பெரும்பாலும் அவர் மனைவியோ மகளோதான், இதில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, விதியின் அடிப்படையைப் பற்றியது. 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 2019 அக்டோபரில் வராத வாக்காளர் என்ற வகையில் 80 வயதைக் கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். 2020 ஜூன் 19 அன்று வந்த திருத்தம் தொற்றுக்கு ஆளானவர்களைச் சேர்த்தது. ஆனால் அது கோவிட்-19 என்ற ஒரே நோயின் பெயரைத்தான் சொல்கிறது. நாளை வேறொரு கிருமி வந்தால் மறுபடி தில்லியில் திருத்தம், மறுபடி அரசிதழ், மறுபடி காலதாமதம். குறிப்பிட்ட நோயின் பெயரை நீக்கிவிட்டு, 1897-ஆம் ஆண்டு கொள்ளைநோய்கள் சட்டத்தின் கீழோ 1939-ஆம் ஆண்டு தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தின் கீழோ அரசு அறிவிக்கும் எந்தத் தொற்றுநோய்க்கும் இவ்வசதி தானாகவே நடைமுறைக்கு வருமாறு விதியை மாற்ற வேண்டும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60(இ) பிரிவு, தபால் வாக்குக்குரிய வகையினரை அரசுடன் கலந்து அறிவிக்கும் அதிகாரத்தை இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு வழங்கியிருக்கிறது. ஆகவே இது சட்டத்துக்குப் புறம்பான கோரிக்கை அன்று.

வயது பற்றியும் சொல்லியாக வேண்டும். அதே 2020 ஜூன் திருத்தத்தில் 65 வயது என்று இருந்தது. ஆள்பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி, அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று ஜூலையில் ஆணையம் அறிவித்தது. 2024 மார்ச்சில் வரம்பு 85 ஆக உயர்ந்தது. 2021-இல் 81 வயதில் வீட்டிலிருந்தே வாக்களித்தவர், மாற்றுத்திறனாளிச் சான்று இல்லாத காரணத்தால், 2024-இல் 84 வயதில் வாக்குச்சாவடிப் படியேற வேண்டியதாயிற்று. சாதாரணக் காலத்தில் நிர்வாகச் சுமையைக் கருதி 85 என்று வைத்திருப்பதைப் புரிந்துகொள்ள முயல்கிறோம். முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் தொற்றுநோய் அறிவிக்கப்பட்ட மாவட்டங்களிலாவது 65 வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் இவ்வுரிமை வேண்டும். கொரோனாவில் அதிகம் உயிரிழந்தவர்கள் முதியோர்தாம் என்பதை நாங்கள் தங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

தபால் வாக்கு பெருகினால் முறைகேடும் பெருகும் என்ற அச்சம் கட்சிகளிடம் உண்டு. 2021-இல் திமுக இது குறித்து வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 17 அன்று அதைத் தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்தாலும் அச்சம் நியாயமானது என்றே கருதுகிறோம். வீட்டுக்குள் குடும்பத்தார் சூழ வாக்களிக்கும்போது இரகசியத்தைக் காப்பது எளிதல்ல. குழு வரும் நாளும் நேரமும் எல்லா வேட்பாளர்களுக்கும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். முகவர்கள் உடன் வர அனுமதி வேண்டும். மறைப்பு அட்டை இல்லாமல் எந்த வீட்டிலும் வாக்குப் பெறக் கூடாது. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இடுவது அலுவலரின் கடமை. அதில் நேரும் குறைக்காக வாக்காளரின் வாக்கு எண்ணிக்கை மேசையில் தள்ளப்படுவது எவ்வகையிலும் சரியில்லை. தபால் வாக்குக்கு ஒப்புதல் பெற்றவர், குழு வந்த இரு முறையும் வீட்டில் இல்லாமல் மருத்துவமனையில் இருந்திருந்தால், வாக்குச்சீட்டு வழங்கப்படாததை உறுதி செய்துகொண்டு, அவரை வாக்குச்சாவடியில் வாக்களிக்க விட வேண்டும்.

தென்கொரியா 2020 ஏப்ரல் 15 அன்று, தொற்றின் நடுவிலேயே, நாடாளுமன்றத் தேர்தலை நடத்தியது. சிகிச்சை மையங்களில் முன்கூட்டியே வாக்களிக்கச் சாவடிகள் அமைத்தது. தனிமையில் இருந்தோரைப் பொது வாக்குப்பதிவு முடிந்த பின் வரவழைத்தது. 66.2 சதவீத வாக்குகள் பதிவாயின. ஆயிரம் வாக்காளருக்கு ஒரு சாவடி என்று 2021-இல் ஏற்பாடு செய்து காட்டிய தமிழ்நாட்டுத் தேர்தல் நிர்வாகத்தால் இது முடியாததல்ல.

உள்ளாட்சித் தேர்தல்கள் தங்கள் பொறுப்பில் வருவன அல்ல என்பதை அறிவோம். 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலும் நோயாளிகளுக்கு மாலை 5 முதல் 6 வரை என அதே கடைசி ஒரு மணி நேரமே ஒதுக்கப்பட்டது. ஆகவே இம்மனுவின் நகலை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்பியுள்ளோம்.

இக்கோரிக்கைகளைத் தங்கள் பரிந்துரையுடன் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் ஒன்றிய சட்ட அமைச்சகத்துக்கும் அனுப்பிவைக்கவும், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுடன் தாங்கள் நடத்தும் அடுத்த ஆலோசனைக் கூட்டத்தில் எங்கள் பிரதிநிதிகள் இருவரை நேரில் அழைத்துக் கேட்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர் / செயலாளர்
மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்

நகல்: செயலாளர், தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், சென்னை.