எட்டாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்பதாம் வகுப்பில் இடம் – கோரிக்கை மனு

அனுப்புநர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தார்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: நடுநிலைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கும் முன்பே உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு இடத்தை உறுதி செய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



எங்கள் ஒன்றியத்தின் நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய் தகப்பன்மார் நாங்கள். கூலி வேலையும் மானாவாரி வெள்ளாமையும் ஆடு வளர்ப்பும்தான் எங்களில் பெரும்பாலோருக்குப் பிழைப்பு. எங்கள் பள்ளிகள் மீது எங்களுக்குக் குறை கிடையாது. முதல் வகுப்புக்கு ஆசிரியர்களே வீடு தேடி வந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தொடக்க வகுப்புகளில் காலை உணவு, பிறகும் தொடரும் மதிய உணவு, சீருடை, புத்தகம், காலணி என எல்லாமே பள்ளியில் கிடைத்தன. ஆனால் எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதன்பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு இடம் தேடுவது முழுக்க முழுக்கப் பெற்றோரின் பாடாகிவிடுகிறது. எங்கள் பிள்ளைகள் அதிகம் தவறிப்போவது இந்த ஒரு படியில்தான்.

பதினான்கு வயது எங்கள் வீடுகளில் எத்தனை ஆபத்தானது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும் மட்டும்தான் பிள்ளைக்குக் காவல் நிற்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத்தான் வேலையில் வைக்கக் கூடாது என்று பொதுவாகத் தடுக்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களுக்கு அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடை. ஆக, படிப்பைக் கட்டாயமாக்கும் சட்டமும் வேலையைத் தடுக்கும் சட்டமும் ஒரே வயதில் விலகிக்கொள்கின்றன. அந்த வயதில்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மாறுகிறது. நடுவில் ஒரு கோடை விடுமுறை. பஞ்சாலைத் தரகர்கள் வீடு வீடாக வருவது அந்த மே மாதத்தில்தான். சூளைக்கு முன்பணம் வாங்கிய குடும்பங்கள் ஊர் திரும்பாமல் இருப்பதும் அப்போதுதான். ஒன்பதாம் வகுப்பு இடம் கையில் இருக்கும் பிள்ளையைத் தரகர் கேட்டால் பெற்றோரால் மறுக்க முடியும். இடம் இன்னும் நிச்சயமாகவில்லை என்றால் அந்த மறுப்புக்கு வலு இல்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. படிக்காமல் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வரன் பேசச் சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் குற்றம் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்வது எங்களுக்கும் தெரியும். ஆனால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாரோ ஒருவர் அழைத்துத் தடுத்த கல்யாணத்தைவிட, பெண் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் பேச்சே எழாமல் போன கல்யாணங்கள்தான் அதிகம்.

இந்த இடைவெளி ஏன் மூடப்படாமலே இருக்கிறது என்று எங்கள் சங்கத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். நடுநிலைப் பள்ளி தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது. வட்டாரக் கல்வி அலுவலரும் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலரும் அதைக் கவனிக்கிறார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ், இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் இருக்கின்றன. அனுப்பும் பள்ளி தன் கடமை முடிந்தது என்கிறது. சேர்க்கும் பள்ளிக்கோ வந்து நிற்கும் பிள்ளையை மட்டும்தான் தெரியும். வராத பிள்ளையைத் தெரியாது. இரண்டு தரப்பும் ஒன்றுகூடும் இடம் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களின் மேசைதான். ஆகவே இந்த மனுவைத் தங்களிடம் கொண்டு வந்திருக்கிறோம்.

எங்கள் முதன்மையான கோரிக்கை இது. ஒன்றியத்தில் உள்ள ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் ஒரு ஏற்புப் பள்ளியைத் தாங்கள் எழுத்து மூலம் குறிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் மார்ச் மாதத்திலேயே அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில், பள்ளி மூடும் முன், அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டதற்கான சீட்டு பெற்றோர் கையில் கிடைக்க வேண்டும். வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறவர் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும். விண்ணப்பம் வாங்க அலையத் தெரியாத, நாள்கூலியை விட முடியாத, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்கு அந்த ஒரு சீட்டு போதும். பிள்ளை புதிய பள்ளியில் போய் உட்காரும் வரை அனுப்பிய பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பில் அவன் இருக்க வேண்டும்.

இதற்கென்று புதிதாகச் செலவு எதுவும் தேவைப்படாது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்னும் இணையத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளையின் பெயர் எமிஸில் ‘காமன் பூல்’ என்னும் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்கும் வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் கணக்கிலும் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த பின்னும் பொதுத் தொகுப்பிலேயே கிடக்கும் எட்டாம் வகுப்புப் பெயர்கள் யார் யாருடையவை என்று ஒரு சொடுக்கில் பார்த்துவிடலாம். அந்தப் பட்டியலை வாரந்தோறும் எடுத்து, ஊர் வாரியாகப் பிரித்து, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை எங்கே போனான் என்பதை நாங்களே நேரில் போய்ப் பார்த்து எழுதித் தருகிறோம். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்கள் ஜூலை, ஆகஸ்டில் திரும்பும்போது ‘சேர்க்கை முடிந்தது’ என்ற பதில் எந்தப் பள்ளியிலும் வரக் கூடாது.

சேர்க்கையின்போது நடத்தப்படும் வாசிப்புத் தேர்வைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், தலைமையாசிரியர் அறையில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதும், வகுத்தல் கணக்குப் போடச் சொல்வதும் சில பள்ளிகளில் வழக்கமாகியிருக்கிறது. தடுமாறும் பிள்ளைக்கு இடமில்லை என்ற பதில் அன்றே கிடைத்துவிடும். சில இடங்களில் பிறகு வரச் சொல்லி இழுத்தடிப்பார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்ற அச்சம் தலைமையாசிரியர்களுக்கு இருப்பதை நாங்கள் உணர்கிறோம். விழுக்காட்டைக் காட்டித்தான் அவர்களிடம் விளக்கமும் கேட்கப்படுகிறது. ஆனாலும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குத்தான் பள்ளி அதிகம் தேவை. எட்டாம் வகுப்பு வரை இப்படிச் சோதித்துச் சேர்ப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தச் சட்டம் நீளவில்லை என்பதைச் சாக்காகக் கொண்டு அரசின் சொந்தப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் பிள்ளைகளைப் பிரித்தெடுக்கக் கூடாது. எந்தச் சோதனையும் இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று தாங்கள் சுற்றறிக்கை அனுப்பி, அதைப் பள்ளி வாசலில் தமிழில் எழுதி வைக்கச் செய்ய வேண்டுகிறோம். பின்தங்கிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை அதே அளவுகோலால் அளக்காமல் இருந்தால் தலைமையாசிரியர்களும் மனம் விட்டுச் சேர்ப்பார்கள்.

சான்றிதழ்களால் வரும் அலைச்சல் தனி. ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து, எமிஸில் தலைப்பெழுத்து மாறியிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எங்கள் ஊர்கள் பலவற்றில் உண்டு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் அளித்த ஆதார் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது. மாற்றுச் சான்றிதழைக் கட்டண வசூலுக்கான கருவியாக்கக் கூடாது என்றும், அது இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவுபடுத்தியது. தனியார் பள்ளியில் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் படித்து, எட்டாம் வகுப்போடு அந்தச் சலுகை முடிந்து, கட்டணம் கட்ட வழியில்லாமல் அரசுப் பள்ளியைத் தேடி வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பு உயிர்நாடி. பழைய பள்ளி சான்றிதழைத் தராமல் வைத்திருந்தாலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருளர், மலையாளி போன்ற பழங்குடிக் குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கான சாதிச் சான்றிதழை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை, அறிக்கை, மறுவிசாரணை என்று காலம் போய்க்கொண்டே இருக்கும். சேர்க்கைக்கு முதலில் பிள்ளை வரட்டும், சான்றிதழ் பின்னால் வரட்டும் என்ற ஒரு வரி தங்கள் ஆணையில் இருந்தாலே அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆட்சித் தலைவர் அவர்கள் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிகளில் சான்றிதழ் முகாம் நடத்தி, கோட்டாட்சியரையும் வட்டாட்சியரையும் அங்கே வரச் செய்தால் ஜூன் மாதத்து அலைச்சலில் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது தூரம். இடைநிலைக் கல்வியைப் பரவலாக்க 2009இல் தொடங்கப்பட்ட மத்தியத் திட்டமே 5 கிலோமீட்டருக்குள் ஒரு உயர்நிலைப் பள்ளி இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. எங்கள் ஊர்களில் சிலவற்றுக்கு அது இன்னும் எட்டவில்லை. அரசுப் பேருந்தில் இலவசப் பயணம் உண்டு. பேருந்துதான் பள்ளி நேரத்துக்கு வருவதில்லை. காலை வண்டியின் நேரத்தைச் சற்று மாற்றி அமைக்கவும், மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து வரும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு நடை கூடுதலாக விடவும் போக்குவரத்துக் கழகத்தோடு தாங்கள் பேசினால் இந்த ஆண்டே முடியும். விலையில்லா மிதிவண்டி தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகள் தூரத்துப் பள்ளிக்கு முதன்முதலாக நடக்கத் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில். பீகார் அரசு 2006ஆம் ஆண்டிலேயே ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. அதனால் உயர்நிலைப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை உயர்ந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேற்கு வங்கம் 2015 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தருகிறது. மதிய உணவில் நாட்டுக்கே வழி காட்டிய மாநிலம் நம்முடையது. மிதிவண்டியை ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுவரத் தாங்கள் அரசுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை போதுமான நடுநிலைப் பள்ளிகளை உயர்நிலைப் பள்ளிகளாகத் தரம் உயர்த்தும் கருத்துருவையும் இத்துடன் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்து வெளியே வரும் மாணவியருக்கு ஒன்பதாம் வகுப்பு இடமும், இப்போது சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் பெற்றிருக்கும் விடுதிகளில் இடமும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். விடுதியில் கேட்டால் பள்ளிச் சேர்க்கைச் சான்று கொண்டுவரச் சொல்கிறார்கள்; பள்ளியில் கேட்டால் எங்கே தங்கிப் படிப்பாள் என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஏற்கெனவே ஒருமுறை படிப்பை விட்டு மீண்டு வந்த பெண்.

இந்த ஓர் இடம் தவறினால் பிள்ளை இழப்பது ஒன்பதாம் வகுப்பை மட்டும் அல்ல. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வில் வென்ற பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பள்ளியில் சேராவிட்டால் அது போயிற்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் உயர்கல்வி படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடமும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. அரசுப் பள்ளியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளை தன் தவறு ஏதும் இல்லாமலே இவற்றை இழக்கிறது. அந்த இழப்பு பெற்றோருக்குத் தெரியவருவது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான். எந்த ஆசிரியரோ அலுவலரோ அதை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் இடம் மறுக்கும் பள்ளி, மறுப்பதற்கான காரணத்தை எழுத்து மூலம் பெற்றோரிடம் தர வேண்டும் என்றும், அதன் நகல் அன்றே முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றும் ஆணையிட வேண்டுகிறோம். வாய் வார்த்தையாக மறுக்கும் வழக்கம் அத்துடன் நின்றுவிடும்.

இரு மாவட்டக் கல்வி அலுவலர்கள், வட்டாரக் கல்வி அலுவலர், ஏற்புப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்கள் ஆகியோரை அழைத்து, ஆண்டுத் தேர்வு தொடங்கும் முன் ஒரு கூட்டம் நடத்தித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு எங்கள் ஊர்களில் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை நாங்களே கொண்டு வருகிறோம். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்:
மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி)
மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலைக் கல்வி)
வட்டாரக் கல்வி அலுவலர்